வந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களும்: செயிண்ட் ஹெலினாவின் விமான நிலையம்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் வந்து மறைந்துவிடும் ஊர்கள் சில உண்டு. செயிண்ட் ஹெலினா அவற்றில் ஒன்று. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியனை ஆங்கிலேயர் அங்கே சிறைவைத்தார்கள். 1821-இல் அவர் அங்கேயே இறந்தார். அத்தோடு அத்தீவு நம் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டில் அது மீண்டும் செய்தித்தாள்களில் இடம்பெற்றபோது காரணம் ஒரு விமான நிலையம். ஏறத்தாழ 28.5 கோடி பவுண்டு செலவில் திட்டமிடப்பட்டு, திறப்பு விழாவுக்கு நாளும் குறிக்கப்பட்ட பிறகு, காற்றின் போக்கினால் பயணிகள் விமானங்கள் பாதுகாப்பாக இறங்க இயலாது என்று தெரியவந்த நிலையம் அது. உலகிலேயே மிகப் பயனற்ற விமான நிலையம் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதற்குப் பட்டம் சூட்டி மகிழ்ந்தன.

அந்தக் கேலியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நிலையத்தைக் கட்டும் வேலைக்காக நிலத்தைக் கிளறியபோது என்ன வெளிப்பட்டது என்பதைக் கேலி செய்தவர்களில் பலர் கவனிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் அத்தீவு யாருடைய வசதிக்காக, எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது நம் எண்ணம்.

தென் அட்லாண்டிக்கின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருக்கிறது இந்த எரிமலைத் தீவு. பரப்பளவு சுமார் 122 சதுர கிலோமீட்டர். நான்கு பக்கமும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் கரும்பாறைச் சுவர்கள். உள்ளே சென்றால் பச்சை மலைகள், பனிமூட்டம், சிறு ஓடைகள். 1502-இல் இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஜுவாவ் ட நோவா என்ற போர்ச்சுகீசிய மாலுமியின் கண்ணில் இது பட்டபோது இங்கே மனிதர் எவரும் இல்லை. திரும்பிக்கொண்டிருந்தார் என்பது முக்கியம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அட்லாண்டிக்கில் நுழையும் பாய்க்கப்பலைத் தென்கிழக்கு வியாபாரக் காற்று நேராக இந்தத் தீவின் பக்கம் தள்ளிக்கொண்டுவரும். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பலுக்கோ அதே காற்று எதிர்க்காற்று. அது பிரேசில் பக்கமாக ஒதுங்கி வளைந்து செல்ல வேண்டும். ஆகவே செயிண்ட் ஹெலினா என்பது ஆசியாவின் சரக்கோடு வீடு திரும்பும் கப்பல்களுக்கு இயற்கை அமைத்துக்கொடுத்த தண்ணீர்ப் பந்தல். வியாபாரக் காற்று என்ற பெயர் வேறெந்த இடத்தையும்விட இங்கே பொருந்துகிறது.

அதன் முதல் குடியானவரின் கதை கோவாவில் தொடங்குகிறது. பெர்னாவ் லோபெஸ் என்பவர் அல்புகெர்க்கின் படையில் இருந்தவர். கோவாவில் விடப்பட்ட படைவீரர்களில் சிலர் இஸ்லாத்தைத் தழுவி பீஜப்பூர் சுல்தானின் பக்கம் சேர்ந்தார்கள். லோபெஸும் அவர்களில் ஒருவர். 1512-இல் அல்புகெர்க் அவர்களைத் திரும்பப் பிடித்தபோது, உயிரை எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். மூக்கு, காதுகள், வலக்கை, இடக்கைப் பெருவிரல் ஆகியவற்றை மட்டும் அறுத்தெறியச் செய்தார். சில ஆண்டுகள் கழித்துப் போர்ச்சுகலுக்குக் கப்பலேறிய லோபெஸ், அந்த முகத்தோடு சொந்த ஊர் போய்ச் சேர மனமில்லாமல் செயிண்ட் ஹெலினாவில் இறங்கி மறைந்துகொண்டார். கப்பல்காரர்கள் கொஞ்சம் உணவும் உடையும் விட்டுச் சென்றார்கள். கடலில் மிதந்துவந்த சேவல் ஒன்று அவருக்குத் துணையாயிற்று என்று பழைய வரலாறு சொல்கிறது. அடுத்தடுத்து வந்த கப்பல்கள் விதைகளையும் கன்றுகளையும் இறக்கிச் சென்றன. கப்பல் கண்ணில் பட்டதும் அவர் ஓடி ஒளிந்துகொள்வார். அது சென்ற பிறகு வெளியே வந்து கொடுத்ததை நடுவார். பின்னர் ஒருமுறை லிஸ்பனுக்கும் ரோமுக்கும் அழைத்துச் செல்லப்பட்டு, போப்பாண்டவரைக் கண்டு, என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, தீவுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். 1540-களின் நடுவில் அங்கேயே இறந்தார். தானாக விரும்பி அங்கே தங்கிய முதல் மனிதர் இவர். பிறகு வந்த பலருக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

1659-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கோட்டை கட்டிக் குடியேற்றத்தைத் தொடங்கியது. நம் சென்னைக் கோட்டைக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகள் சென்னையிலும் கல்கத்தாவிலும் பொருளீட்டி ஓய்வுபெற்றுத் திரும்பிய கம்பெனிக்காரர்கள் தரை மிதித்துக் கால் நீட்டிய இடம் ஜேம்ஸ்டவுன் துறை. 1805-இல் இந்தியாவிலிருந்து திரும்பிய ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே தங்கிச் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பிறகு தாம் தோற்கடிக்கப்போகும் மனிதரின் சிறை அது என்று அவர் எப்படி அறிவார்! 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் படையின் நிலஅளவைத் தலைவராக இருந்து, பிறகு திப்புவுக்கு எதிரான அந்தப் போரைப் பற்றிப் புத்தகமும் எழுதிய அலெக்சாண்டர் பீட்சன், 1808 முதல் 1813 வரை இத்தீவின் ஆளுநர். ஆடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய மலைகளில் மரம் வைப்பதில் அவர் காட்டிய அக்கறைக்காகச் சூழலியல் வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள்.

கம்பெனி தன் தோட்டங்களுக்கும் துறைமுக வேலைக்கும் மடகாஸ்கர், இந்தியா முதலிய இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தது. பின்னர் 1810 முதல் கான்டனிலிருந்து சீனத் தொழிலாளர்களும் வந்தார்கள். இன்றைய தீவு மக்கள் இவர்கள் எல்லோருடைய வழித்தோன்றல்கள். தங்களைச் 'செயிண்ட்'கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். முகங்களைப் பார்த்து எவருடைய முப்பாட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1834-இல் தீவு கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் அரசின் கைக்கு மாறியதிலிருந்து அதன் சரிவு தொடங்கியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவு தேவையில்லை. 1855-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்த துறையில் 1889-இல் முந்நூறுகூட வரவில்லை. வழியில் இல்லாமல் போன ஊரை அரசாங்கங்கள் சிறையாகப் பயன்படுத்திக்கொள்வது வழக்கம். 1890-இல் சூலு அரசர் தினுசுலு கொண்டுவரப்பட்டார், ஏழாண்டுகள் இருந்தார். 1900 முதல் 1902 வரை போயர் போர்க்கைதிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். 1957-இல்கூட பஹ்ரைனிலிருந்து மூன்று அரசியல் கைதிகளை பிரிட்டன் இங்கே அனுப்பியது. இவற்றுக்கு இடையே தீவுக்கு வாய்த்த ஒரே தொழில் நியூசிலாந்து நார்ச்செடி. மலைச்சரிவெங்கும் அதைப் பயிரிட்டு, நார் உரித்துக் கயிறு திரிக்க அனுப்பினார்கள். பிரிட்டிஷ் தபால் துறை மூட்டை கட்ட அந்தக் கயிற்றை வாங்கியது. 1960-களின் நடுவில் தபால் துறை செயற்கை இழைக்கு மாறியது. 1966-இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது. லண்டனில் யாரோ ஒரு அதிகாரி கொள்முதல் காகிதத்தில் போட்ட கையெழுத்தில் ஒரு தீவின் பிழைப்பு முடிந்தது. அந்தச் செடி மட்டும் இன்னும் மலைகளை மூடிக் கிடக்கிறது.

பிறகு வேலை தேடி வெளியே போவதுதான் வழி. பக்கத்தில் என்று சொல்லத்தக்க அசென்ஷன் தீவு 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்குள்ள இராணுவத் தளங்களிலும் பின்னர் பாக்லாந்து தீவுகளிலும் செயிண்ட்கள் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள். வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு. நம்மவருக்கு அவசரம் என்றால் விமானம் இருக்கிறது. செயிண்ட்களுக்கு இருந்தது ஒரே ஒரு கப்பல். யூனியன் காசில் நிறுவனத்தின் தபால் கப்பல்கள் 1977-இல் நின்றுபோன பிறகு, ஆர்.எம்.எஸ். செயிண்ட் ஹெலினா என்ற பெயரில் அடுத்தடுத்து இரண்டு கப்பல்கள் தீவுக்கென்றே ஓடின. கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். உருளைக்கிழங்கு, மருந்து, கார், தபால், மணப்பெண், சவப்பெட்டி எல்லாம் அதில்தான். ஜேம்ஸ்டவுனில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும் துறையும் கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டுப் படகில் இறக்க வேண்டும். தீவின் மருத்துவமனையில் செய்ய முடியாத சிகிச்சை தேவைப்பட்டால் நோயாளி கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பல் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தால் காத்திருப்பு எத்தனை வாரம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் குடியுரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் இத்தீவு மக்களிடமிருந்து பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையைப் பறித்தது. இருபது ஆண்டுகள் போராடி 2002-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதும் நேர்ந்தது, இளையவர்கள் கூட்டமாக வெளியேறியதுதான். 1990-களின் இறுதியில் ஐயாயிரத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை பத்தாண்டுகளில் நாலாயிரத்தருகே இறங்கியது. அதே 2002-இல் நடந்த கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பில், புதிய கப்பலா விமான நிலையமா என்று கேட்டபோது பத்தில் ஏழு பேர் விமான நிலையம் என்றார்கள்.

2005-இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 2008 இறுதியில் பொருளாதார நெருக்கடியைக் காட்டித் திட்டத்தை நிறுத்திவைத்தது. 2010-இல் வந்த புதிய அரசு மீண்டும் எடுத்தது. 2011 நவம்பரில் பேசில் ரீட் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தயாள குணத்தால் வந்த முடிவு என்று எண்ண வேண்டாம். தீவுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் மானியத்தை ஒருநாள் நிறுத்திவிடலாம் என்பதே கணக்கு. விமானம் வந்தால் காலப்போக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், தீவு தன் காலில் நிற்கும் என்று அதிகாரிகள் எழுதினார்கள்.

கட்டுமானம் சாதாரணமானதன்று. தீவில் சமதரை என்று இருந்தது கிழக்கோரத்தில் ப்ராஸ்பரஸ் பே சமவெளி ஒன்றுதான். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட, பாலைபோன்ற நிலம். உலகில் வேறெங்கும் இல்லாத சிலந்திகளும் பூச்சிகளும் வாழும் இடம். அதுவும் ஓடுதளத்துக்குப் போதாது. பக்கத்திலிருந்த டிரை கட் என்னும் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 80 லட்சம் கனமீட்டர் பாறையை வெடித்துக் கொட்டி, நூறு மீட்டர் உயரத்துக்கு நிரப்பி மேடாக்கினார்கள். அதன்மேல் 1,850 மீட்டர் நீளக் கான்கிரீட் ஓடுதளம். இயந்திரங்களைக் கொண்டுவரத் தனிக் கப்பல். அது நிற்க ரூபர்ட்ஸ் விரிகுடாவில் தற்காலிகத் துறை. அங்கிருந்து மலையேறிச் சமவெளிக்குப் போக 14 கிலோமீட்டர் சாலை. இந்த ரூபர்ட்ஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2015 செப்டம்பரில் சோதனைக்காகச் சிறு விமானம் ஒன்று முதன்முதலாக இறங்கியது. தீவு மக்கள் மலையுச்சிகளில் நின்று பார்த்தார்கள். 2016 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து போயிங் 737-800 ஒன்று வந்தது. வடக்கிலிருந்து ஓடுதளத்தை நெருங்கியபோது காற்று அதைப் பிடித்து உலுக்கியது. முதல் முயற்சியில் தரை தொடாமலேயே மேலெழுந்து, பிறகுதான் இறங்கியது. குறுகிய தூரத்துக்குள் காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறுவதை விமானிகள் 'விண்ட் ஷியர்' என்பார்கள். ஓடுதளம் நிற்பது செங்குத்துப் பாறையின் விளிம்பில். அதன் வடமுனைக்கு அருகே அரசன், அரசி என்று பெயர்பெற்ற பாறைக் குன்றுகள். ஆண்டு முழுவதும் ஒரே திசையிலிருந்து வீசும் வியாபாரக் காற்று இவற்றில் மோதிச் சுழல்கிறது. வடக்கிலிருந்து வந்தால் இந்தச் சுழல். தெற்கிலிருந்து வந்தால் பின்காற்று, அதாவது விமானத்தை நிறுத்த விடாத காற்று. மே 21, தீவு கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொண்டாடும் நாளில், இளவரசர் எட்வர்ட் வந்து திறந்துவைப்பதாக இருந்த விழா ஒத்திவைக்கப்பட்டது.

இங்கே நமக்கு டார்வின் நினைவுக்கு வருகிறார். 1836 ஜூலையில் பீகிள் கப்பல் இத்தீவில் சில நாட்கள் நின்றபோது அவர் மலைகளில் நடந்து திரிந்தார். ஆயிரம் அடி செங்குத்துப் பாறையில் முடியும் ஒரு சமவெளியின் விளிம்பில் நின்றபோது கண்டதைத் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். சில கஜ தூரத்தில் கடற்பறவைகள் கடுங்காற்றில் சிறகடித்துத் திணறிக்கொண்டிருந்தன. அவர் நின்ற இடத்திலோ காற்றே இல்லை. விளிம்பை நெருங்கிக் கையை நீட்டினார். காற்றின் முழு வேகமும் கையில் அறைந்தது. அசைவற்ற காற்றையும் புயலையும் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத இரண்டு கஜ அகலச் சுவர் ஒன்று அங்கே இருப்பதாக அவர் குறித்தார். நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து போயிங் விமானி சந்தித்தது அதே சுவரின் உறவுக்காரரைத்தான். பயணநூல்களைப் பொறியாளர்கள் படிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் காற்றினாலேயே வரைபடத்தில் இடம்பெற்ற ஒரு தீவில், காற்றை இவ்வளவு தாமதமாக விசாரித்தது விசித்திரம்தான். 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவும் இதையே கடுமையான சொற்களில் கேட்டது.

இருந்தும், கேலிகள் உச்சத்தில் இருந்த அதே 2016-இல், அவசர மருத்துவ உதவிக்கான சிறு விமானங்கள் அங்கே இறங்கி நோயாளிகளை ஏற்றிச்சென்றன. பத்திரிகைகளின் பயன் கணக்கில் இது சேர்க்கப்படவில்லை. 2017 அக்டோபர் 14 அன்று ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முதல் பயணிகள் சேவையாக வந்தது. போயிங்கைவிடச் சிறிய விமானம். அதிலும் எல்லா இருக்கைகளையும் நிரப்பாமல் எடையைக் குறைத்துக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. கப்பலில் ஐந்து நாளாக இருந்த தூரம் ஒரு பகற்பொழுதாயிற்று. 2018 பிப்ரவரியில் ஆர்.எம்.எஸ். தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியபோது துறையில் கூடிநின்று அழுதவர்களில், விமான நிலையம் வேண்டும் என்று 2002-இல் வாக்களித்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். முப்பதாயிரம் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. சில ஆயிரம் பேர் வந்தார்கள். பிறகு 2020-இல் கொள்ளைநோய் வந்து அதையும் நிறுத்தியது. வழக்கமான சேவை மீண்டும் தொடங்கியது 2022-இல்.

இனி ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு. ஜேம்ஸ்டவுனை அடுத்த மலைமடிப்பு. நிழலில்லாத, நீரில்லாத, ஓயாமல் காற்றடிக்கும் இடம். 1807-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிரிட்டன், 1839-இல் போர்ச்சுகீசியக் கொடியோடு ஓடும் அடிமைக் கப்பல்களையும் பிடிக்கத் தன் கடற்படைக்கு அதிகாரம் அளித்தது. பிடித்த கப்பல்களை விசாரிக்க 1840-இல் செயிண்ட் ஹெலினாவில் கடற்படை நீதிமன்றம் அமைந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அக்கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இத்தீவில் இறக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்கள் என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் நெருக்கி அடைக்கப்பட்டு, வயிற்றுப்போக்கும் அம்மையும் கண்டு, சாகும் நிலையில் வந்தவர்கள் பலர். ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கின் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பிழைத்தவர்களில் சில நூறு பேர் தவிர மற்றவர்களை பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட், ஜமைக்கா, கேப் காலனி என்று ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சொந்த ஊருக்கு அனுப்பும் பேச்சே இல்லை.

கயானாவின் அதே கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1845 முதல் சென்னையிலிருந்தும் கூலிக் கப்பல்கள் போயின. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் முனையைச் சுற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அக்கப்பல்கள் நல்ல தண்ணீருக்காகச் செயிண்ட் ஹெலினாவில் நிற்பது வழக்கம். கூலிகளைத் தரையிறங்க விடமாட்டார்கள். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தோ வட ஆர்க்காட்டிலிருந்தோ போன ஒருவர் கப்பல் தளத்தில் நின்று அந்தக் கரும்பாறைகளைப் பார்த்திருக்கலாம். பாறை மடிப்புக்குள் தம்மைப்போலவே கரும்பு வெட்டப் போகிறவர்கள் காத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விமான நிலையச் சாலை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் மேலேற வேண்டும். புதைகாடு இருப்பது முன்பே தெரிந்திருந்ததால், 2007-2008-இல் பிரிட்டனிலிருந்து தொல்லியலாளர்கள் வந்து சாலை செல்லும் பகுதியை அகழ்ந்தார்கள். 325 உடல்கள் கிடைத்தன. ஐந்து பேரில் நான்கு பேருக்கு மேல் குழந்தைகள், சிறுவர்கள், இளம் வயதினர். தனிக்குழிகளிலும், பலரை ஒன்றாக இட்ட குழிகளிலும் ஆழமின்றிப் புதைக்கப்பட்டிருந்தார்கள். பெட்டியில் வைக்கப்பட்டிருந்தவர்கள் ஐவர் மட்டும்; அவர்களில் நால்வர் பிறந்தவுடன் அல்லது பிறக்கும்போதே இறந்த சிசுக்கள். சிலருடைய முன்பற்கள் அவர்கள் இனக்குழு வழக்கப்படி அரத்தால் தீட்டப்பட்டிருந்தன. எண் பொறித்த உலோகத் தகடுகள் கிடைத்தன. பாசிமணிகளும் வளையல்களும்கூடக் கிடைத்தன. எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு ஏற்றும் அடிமைக் கப்பலில், ஒரு பெண் தன் பாசிமணிகளை எப்படிக் காப்பாற்றி வைத்திருந்தாள் என்பதை எண்ணிப் பார்க்க நமக்குக் கொஞ்ச நேரம் தேவைப்படுகிறது.

உலகில் அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களிலிருந்து நேரே இறங்கி இறந்தவர்களின் எலும்புகள் இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கிடைப்பது மிக அரிது. தோட்டத்தில் வாழ்ந்து இறந்த அடிமைகளின் கல்லறைகள் அமெரிக்காவில் உண்டு. நடுக்கடல் பயணத்தின் சாட்சிகள் வேறு. 2023-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இவர்களில் இருபது பேரின் எச்சங்களைப் பரிசோதித்து, வடக்கு அங்கோலாவுக்கும் காபோனுக்கும் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்த மக்களோடு நெருங்கியவர்கள் என்று கண்டது. ஊர்ப்பெயர் இல்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு ஒரு திசையாவது கிடைத்தது.

ஆனால் அகழ்ந்தெடுத்த எலும்புகள் 2008 முதல் ஜேம்ஸ்டவுனில் சிறைச்சாலையை அடுத்த கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. சாலை முடிந்தது; ஓடுதளம் முடிந்தது; விமானங்கள் வந்தன. பெட்டிகள் கிடங்கிலேயே இருந்தன. விமான நிலையக் கட்டுமானத்தின் சுற்றுச்சூழல் அலுவலராக நமீபியாவிலிருந்து வந்த அன்னினா வான் நீல் என்ற பெண்மணி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவருடைய முயற்சியை மையமாக வைத்து 'எ ஸ்டோரி ஆஃப் போன்ஸ்' என்ற ஆவணப்படம் 2022-இல் வெளிவந்தது. வந்த வேலை சிலந்திகளையும் பறவைகளையும் காப்பது. மனிதர்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதே தீவில் இன்னொரு கல்லறை உண்டு. மலைமடிப்பில், மரநிழலில், வேலியிட்டு, புல்வெட்டிப் பராமரிக்கப்படும் நெப்போலியனின் கல்லறை. அதில் உடல் கிடையாது. 1840 அக்டோபரில் பிரான்ஸ் தன் போர்க்கப்பலை அனுப்பி உடலை எடுத்துச்சென்று பாரீஸில் அடக்கம் செய்துவிட்டது. காலியான அந்தக் குழியையும், அவர் வாழ்ந்த லாங்வுட் மாளிகையையும் 1858-இல் பிரெஞ்சு அரசு விலைகொடுத்து வாங்கியது. இன்றும் அவை பிரான்சின் சொத்து. சுற்றுலாப் பயணி எவரும் அவற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நெப்போலியன் தீவை விட்டுப் போன அதே 1840-இல்தான் நீதிமன்றம் அமைந்து, ரூபர்ட்ஸின் கதை தொடங்கியது. தற்செயல்தான், ஆயினும் இந்த ஆண்டைக் கடக்கும்போதெல்லாம் நம் கை சற்று நின்றுவிடுகிறது.

2022 ஆகஸ்ட் 20 அன்று 325 பேரின் எச்சங்களும் ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில், எடுக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. தோண்டியெடுத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீவு மக்கள் வந்து நின்றார்கள். அவர்களில் சிலருடைய முன்னோர் இதே பள்ளத்தாக்கில் பிழைத்து, கப்பலேற்றப்படாமல் தங்கிவிட்ட அந்தச் சில நூறு பேராக இருக்கக்கூடும். மீதமுள்ள ஆயிரக்கணக்கானவர்கள் அகழப்படாமல் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் தீவின் மின்நிலையம் இருக்கிறது; விமானங்களுக்கும் தீவுக்கும் வேண்டிய எரிபொருளைச் சேமிக்கும் தொட்டிகள் இருக்கின்றன; அங்கிருந்து புறப்பட்டு வளைந்து வளைந்து மலையேறி ஓடுதளத்தை நோக்கிப் போகிறது சாலை.